பட்டன் அக்காவின் வலது இடுப்பு

அந்தக் கடைத்தெருவில் தையல் மெஷின் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் பட்டன் அக்காவைத் தெரியும். பட்டன், ஜிப், லேஸ், ஊக்கு, நூல் என்று தையலுக்கு வேண்டிய சில்லறைச் சாமான்கள் விற்கும் கடையில் அவள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நிற்கிறாள். நிற்கிறாள் என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. அந்தக் கடையில் கல்லாவில் உட்காருகிற முதலாளிக்குத்தான் நாற்காலி உண்டு. மற்றவர்களுக்கு அவரவர் கால்கள்தான்.

கடையின் பின்சுவர் முழுக்க மர டிராயர்கள். ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே இருக்கும் பட்டனில் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். மேல் வரிசைகளில் எப்போதோ போகிற கோட்டுப் பட்டன்கள். கீழ் வரிசைகளில் யாரும் கேட்காத பழைய லேஸ்கள். தினமும் போகிற சட்டைப் பட்டன்கள் நடு வரிசையில். அந்த நடு வரிசை சரியாகப் பட்டன் அக்காவின் இடுப்பு உயரம். அவளுக்கு ஒரு கையில் பட்டன் அள்ளிய தட்டு இருக்கும், மறு கையில் நூல்கண்டு இருக்கும். டிராயரைச் சாத்த மூன்றாவது கையைக் கடவுள் கொடுக்கவில்லை. இடுப்பைக் கொடுத்திருக்கிறார். லேசாக உடம்பைத் திருப்பி வலது இடுப்பால் ஒரு தட்டு தட்டுவாள். டப். மழைக்காலத்தில் மரம் உப்பிக்கொள்ளும். அப்போது இன்னும் கொஞ்சம் பலமாக ஒரு டப். கடைக்குள் வராமலேயே, தெருவில் போகிறவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு அக்கா வந்துவிட்டாள் என்று தெரிந்துகொள்வார்கள்.

இத்தனை வருஷம் டிராயர்களோடு குப்பை கொட்டியதில் அவளுக்கு ஒரு வியாதியே வந்துவிட்டது. திறந்து கிடக்கும் டிராயரைக் கண்டால் கை பரபரக்கும். கை என்றா சொன்னேன், இடுப்பு பரபரக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். ஒருமுறை வங்கியில் எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரியின் மேஜைப் பக்கமாகச் சுற்றிப்போய் அவருடைய டிராயரை ஒரு தட்டு தட்டிச் சாத்திவிட்டு, அவர் நிமிர்ந்து பார்த்ததும் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டாள். அவளுடைய ஒரே மகள் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்கு வந்து கவுண்டருக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள். இந்த வங்கிக் கதையைச் சொல்லிச் சொல்லி அம்மாவைக் கேலி செய்வது அவளுக்குப் பொழுதுபோக்கு.

அந்த மகளுக்குத்தான் வேலை கிடைத்தது. ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டிய தூரத்தில் ஒரு பெரிய ஊர். அங்கே தண்ணீரைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை. படித்த படிப்புக்குப் பொருத்தமான வேலை. இரண்டு மாதத்தில் போய்ச் சேர வேண்டும். வீடே தலைகால் புரியாமல் சந்தோஷப்பட்டது. அதே நேரம் பார்த்துத்தான் அக்காவுக்கு இடுப்பு வலியும் வந்து சேர்ந்தது.

வலி வலது பக்கம், இடுப்பின் வெளிப்புறத்தில். உள்ளங்கையை விரித்து வைத்தால் மூடிவிடுகிற இடம். முதலில் உட்கார்ந்து எழுந்தால் சுருக்கென்றது. பிறகு மாடிப்படி ஏறினால் வலித்தது. அவர்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அப்புறம் படுத்தாலும் வலித்தது. அவள் எப்போதும் வலது பக்கமாக ஒருக்களித்துத்தான் படுப்பாள். இடது பக்கம் திரும்பினால் வீட்டுக்காரரின் குறட்டை நேராக முகத்தில் வந்து விழும். இப்போதோ வலது பக்கம் படுத்தால் யாரோ அந்த இடத்தில் கூழாங்கல்லை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. வலிக்கும் குறட்டைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பல ராத்திரிகள் கூடத்து நாற்காலியிலேயே கழிந்தன.

கடையில் கேட்டவர்களிடம் வாயு என்றாள். அவ்வளவுதான், அன்று முதல் கடைக்கு வருகிற ஒவ்வொரு தையல்காரரும் வைத்தியராகிவிட்டார். ஒருவர் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். இன்னொருவர் கால்மேல் கால் போட்டு இழுத்து இழுத்து நீட்டச் சொன்னார். முதலாளி அவளைவிட வயதில் சின்னவர், அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். தனக்கு இல்லாத வியாதியே இல்லை என்று நம்புகிறவர். தனக்கும் அதே இடத்தில் அதே வலி இருப்பதாக உடனே கண்டுபிடித்துக்கொண்டார். வீட்டிலோ, பள்ளிக்கூட வேன் ஓட்டுநரான அவள் கணவர் வைத்தியத்தைச் சொல்லோடு விடவில்லை. ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து உரமேறிய தன் கட்டைவிரலை, வலிக்கிற இடத்திலேயே வைத்து எண்ணெய் போட்டு அழுத்தினார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள்.

"கத்து, நல்லா கத்து. வலிச்சாத்தான் உள்ள இருக்கறது வெளிய வரும்."

வந்தது அவளுடைய கண்ணீர் மட்டும்தான். ஆனாலும் மனுஷன் தினமும் அழுத்தினார். அன்பால் செய்கிறவரை என்ன சொல்லித் தடுப்பது?

உண்மையில் அவள் வாயு என்று நம்பவே இல்லை. அவள் மனசுக்குள் வேறொரு படம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அதற்கப்புறம் அந்த அம்மா எழுந்து நடக்கவே இல்லை. ஜன்னலோரக் கட்டிலில் வருஷக்கணக்காகப் படுத்துக் கிடந்தாள். அக்கா தன் படிப்பை மூட்டை கட்டிவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சோறு ஊட்டினாள், புரட்டிப் படுக்க வைத்தாள், முதுகில் புண் வராமல் பவுடர் போட்டாள். அம்மா போன பிறகு மறுபடி படிக்கப் போக மனசும் இல்லை, தெம்பும் இல்லை. பட்டன் கடையில் சேர்ந்துவிட்டாள். அம்மாமேல் அவளுக்குக் கோபம் கிடையாது. ஆனால் மறக்கவும் இல்லை. கட்டிலில் கிடந்த அம்மா தினமும் ஒரு தடவையாவது, உன் வாழ்க்கையை நான் கெடுத்துட்டேனே என்று சொல்வாள். இப்போது தன் இடுப்பும் போகத் தொடங்கிவிட்டது, அடுத்தது கட்டில்தான் என்று அக்கா முடிவே கட்டிவிட்டாள். தன் மகளைப் பற்றியும் அவளுக்குத் தெரியும். விஷயம் தெரிந்தால் அவள் வேலையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். தானே அப்படிச் செய்தவள்தானே. ஆகவே மகள் ரயில் ஏறும்வரை மூச்சுவிடக் கூடாது என்று தீர்மானித்தாள்.

மறைத்த லட்சணத்தைத்தான் சொல்ல வேண்டும். மாடி ஏறும்போது நடுவில் நின்று செருப்பைச் சரிசெய்தாள். வராத போனை எடுத்துப் பேசினாள். அதுவும் போதாமல் இரண்டாம் மாடியில் நின்று அந்த வீட்டுக்காரியோடு குசலம் விசாரிக்க ஆரம்பித்தாள். துணி காயப்போடும் கொடி விஷயத்தில் சண்டை வந்து, அந்த அம்மாவுக்கும் இவளுக்கும் வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தையே கிடையாது. மகளுக்குப் பொறி தட்டியது அங்கேதான். வலியை மறைத்திருந்தாலும் மறைத்திருப்பாள், பகையை விட்டதில் மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை அக்கா வேலைக்குக் கிளம்பும்போது மகள் பெட்டியில் அடுக்கியிருந்த துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்ற?"

"நான் போகல."

"வேலைய விட்டுட்டு?"

"நீ நாற்காலியில உக்காந்து தூங்கறத நான் பாக்கலன்னு நெனச்சியா? டாக்டர்கிட்ட காட்டாம நான் இந்தப் பெட்டிய மூடமாட்டேன்."

அக்கா என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். நீ போனதும் காட்டுகிறேன் என்றாள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். மகள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெட்டி திறந்தே கிடந்தது. திறந்து கிடப்பதைப் பார்க்க முடியாத அக்கா கடைசியில் சரி என்றாள்.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரின் அறைக்கு வெளியே உட்காரவைத்தார்கள். எதிர்ச் சுவரில் ஒரு பெரிய படம். தேய்ந்துபோன இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு இரும்புக் குண்டு வைத்திருந்தார்கள். அக்கா தலையைத் திருப்பி மகளைப் பார்த்தாள். மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதே படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ஒரு பெண்மணி. வளவளவென்று பேசாதவர். முதலில் நடக்கச் சொன்னார். பிறகு வலது காலில் மட்டும் நிற்கச் சொன்னார்; கொஞ்ச நேரத்திலேயே வெளிப்புறம் வலிக்கத் தொடங்கியது. படுக்கவைத்துக் காலை மடக்கி உள்பக்கமும் வெளிப்பக்கமும் திருப்பினார். தொடை இடுக்கில் வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை. விழுந்தீர்களா? இல்லை. காய்ச்சல், அந்த இடத்தில் சிவப்பு, சூடு? இல்லை. கால் மரத்துப்போகிறதா? இல்லை. எங்கே வலி என்று காட்டச் சொன்னதும் அவள் உள்ளங்கையை இடுப்போரத்தில் வைத்தாள். டாக்டர் அந்தக் கையை எடுத்துவிட்டு ஒரே ஒரு விரலால் அழுத்தினார். அக்கா மேஜையை விட்டே எழும்பிவிட்டாள்.

இதுவரை யார் பார்த்தார்கள் என்று டாக்டர் கேட்டார். என் வீட்டுக்காரர் என்றாள். அவரும் டாக்டரா என்று கேட்டார். வேன் ஓட்டுகிறார் என்றாள். டாக்டர் மேற்கொண்டு அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

எக்ஸ்ரே எடுத்து வந்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். அந்த இடத்தில் ஏதாவது அடிக்கடி இடிக்கிறதா என்று கேட்டார். அக்கா நன்றாக யோசித்துவிட்டு, சத்தியமாக இல்லை என்றாள். அவள் மனசறிந்து பொய் சொல்லவில்லை. டாக்டர் பேனா எடுக்க மேஜை டிராயரைத் திறந்தார். அதற்குள் வெளியே யாரோ கூப்பிட, பேனாவும் கையுமாக அப்படியே எழுந்து போனார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அறையில் அம்மாவும் மகளும்தான். டாக்டர் ஒன்றும் சொல்லாமல் போனதற்கு ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும் என்று அக்காவுக்குத் தோன்றியது. கட்டில், ஜன்னல், பவுடர் டப்பா எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. எழுந்து எக்ஸ்ரே பக்கம் போய்ப் பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை. ஒரு கையில் கைப்பை, மறு கையில் ஆஸ்பத்திரிக் காகிதங்கள். பக்கத்தில் டாக்டரின் டிராயர் பாதி திறந்து கிடந்தது.

டப்.

"அம்மா!" என்று அக்கா அலறிவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வாசலில் டாக்டர் நின்றிருந்தார்.

"இப்ப என்ன பண்ணீங்க?"

"மன்னிச்சுக்கோங்க டாக்டர். டிராயர் தெறந்து கெடந்துச்சு..."

"அத எதால சாத்தினீங்க?"

அக்கா குனிந்து தன் இடுப்பைப் பார்த்தாள். அதை அன்றுதான் முதல்முதலாகப் பார்க்கிறவளைப் போலப் பார்த்தாள்.

எத்தனை வருஷமாக இப்படி என்று டாக்டர் கேட்டார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து என்று மகள் பதில் சொன்னாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்றார். அதை யார் கண்டது, பட்டன் வாங்க எத்தனை பேர் வருகிறார்களோ அத்தனை தடவை. டாக்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அந்த முகத்துக்குச் சிரிக்கத் தெரியும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

பிறகு அவர் சொன்னதை மகள் அப்பாவிடம் பல தடவை சொல்லிக் காட்டினாள். இடுப்பின் வெளிப்புறத்தில் தொடையெலும்பு கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும். அதன்மேல் தசைநார்கள் ஓடுகின்றன. எலும்பும் நாரும் உரசிக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஒரு சின்ன நீர்ப்பை. மெத்தை மாதிரி. அதை ஓயாமல் இடித்தாலோ, அதன்மேலேயே படுத்தாலோ, ஒரே இடுப்பில் பாரத்தைப் போட்டு நின்றாலோ அது வீங்கி எரிச்சலாகிவிடும். கூடவே பக்கத்திலிருக்கும் நாரும் நொந்துபோகும். இவள் மூன்றையும் செய்திருக்கிறாள். போதாக்குறைக்கு வீங்கிய பையின்மேல் ஒரு வேன் டிரைவரின் கட்டைவிரல்.

அக்காவுக்கு இதெல்லாம் பாதிதான் ஏறியது. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு பதில்.

"அப்போ மூட்டு?"

"மூட்டுக்கு ஒண்ணும் இல்லம்மா. உங்க வயசுக்கு நல்லாவே இருக்கு."

"நான் படுத்த படுக்கையா ஆயிடமாட்டேனே?"

"இதுக்கா? நடக்கறத நிறுத்தாதீங்க, அது போதும்."

அக்கா அழுதாள். அடக்க முடியாமல், மூக்கைச் சிந்தி, டாக்டருடைய காகிதத்திலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதாள். ஊர் பேர் தெரியாத ஒரு சின்னப் பை வீங்கியதற்கா இத்தனை நாளாக மனசுக்குள் தனக்குக் கட்டில் போட்டு வைத்தோம் என்று நினைத்தபோது சிரிப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் விக்கல் எடுத்தது. மகள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அன்று சாயங்காலமே பெட்டி மூடப்பட்டது. மகள்தான் மூடினாள், கையால்.

குணமானது என்னவோ சினிமாவில் வருகிற மாதிரி ஒரே நாளில் இல்லை. நாளாகும், பொறுமை வேண்டும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். கொஞ்ச நாளைக்கு மட்டும் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரை. வலிக்கிறபோது ஐஸைத் துணியில் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்து எடுக்க வேண்டும். கால்மேல் கால் போடக் கூடாது, தையல்காரர் சொன்னபடி இழுத்து நீட்டவும் கூடாது. மாடி ஏறும்போது இடது கால் முதலில், இறங்கும்போது வலது கால் முதலில். இடுப்புத் தசைக்குப் பலம் வர உடற்பயிற்சி சொல்லித்தருகிற பெண்ணிடம் அனுப்பினார்கள். சுவரோரம் நின்று காலைப் பக்கவாட்டில் சுவரோடு அழுத்துவது, மல்லாந்து படுத்துப் பின்புறத்தை மெல்லத் தூக்கி இறக்குவது. பார்க்கச் சுலபமாகத்தான் இருந்தது. செய்தபோதுதான் அந்த இடத்தில் தசை என்று ஒன்று இருக்கிற விஷயமே அக்காவுக்குத் தெரிந்தது. இத்தனைக்கும் அடங்காவிட்டால் ஊசி ஒன்று இருக்கிறது, அதை அப்புறம் பார்க்கலாம் என்றார்கள்.

கணவரின் கட்டைவிரலுக்கு ஓய்வு கொடுக்கப்பட்டது. மனுஷனுக்கு முகம் தொங்கிவிட்டது. நல்லதென்று நினைத்துத்தானே செய்தேன் என்று இரண்டு நாள் புலம்பினார். பிறகு பொறுப்பை மாற்றிக்கொண்டார். மனைவி இடது பக்கம் திரும்பிப் படுத்ததும் அவள் முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைப்பது அவர் வேலையானது. குறட்டைக்கு டாக்டரிடம் மருந்து இல்லை. அதற்கு அக்கா காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள்.

கடையில் நடந்ததும் ஒரு கூத்து. முதலாளி விவரம் கேட்டுவிட்டு உயரமான ஸ்டூல் ஒன்றை வாங்கிப் போட்டார். டிராயர்களின் அடியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தார்கள்; ஒரு விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு உள்ளே போயின. அப்படியும் அக்காவின் இடுப்பு முதல் வாரம் முழுக்கத் தானாகத் திரும்பியது. பாதியில் நினைவு வந்து நிற்பாள், தட்டைக் கீழே வைப்பாள், கையால் சாத்துவாள். வேலை மெதுவானது. ஒரு நாள் டப் சத்தமே கேட்காததால் முதலாளி கல்லாவிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, அக்கா இன்னைக்கு லீவா என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார். அக்கா அவர் முதுகுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள்.

நடுவில் ஒருமுறை வலி மறுபடி கூடியது. நன்றாக இருக்கிறதே என்ற தைரியத்தில் கடைத்தெரு முழுக்கச் சுற்றி மகளுக்குப் பாத்திரம் பண்டம் வாங்கியதன் பலன். அன்று மட்டும் பழைய பயம் எட்டிப் பார்த்தது. பயிற்சி சொல்லித்தரும் பெண், ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும், பயப்படாதீர்கள் என்று சொல்லி நடையைக் குறைத்துவிட்டுப் பயிற்சியைத் தொடரச் சொன்னாள். ஊசிக்கு வேலை வரவில்லை. மகள் ஊருக்குப் போன நாளில் அக்கா ரயிலடிவரை வந்தாள். மூன்று மாடியும் இறங்கினாள், திரும்பி வந்து மூன்று மாடியும் ஏறினாள். இரண்டாம் மாடியில் நிற்க வேண்டிய அவசியம் இல்லைதான். ஆனாலும் நின்று அந்த வீட்டுக்காரியிடம் மகள் போய்விட்ட விஷயத்தைச் சொன்னாள். உள்ளே வந்து டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னாள் அவள். கொடிச் சண்டை அதோடு முடிந்தது.

மாதங்கள் கழித்து மகள் விடுமுறைக்கு வந்தாள். அம்மா தடுமாறாமல் மாடி ஏறுவதைப் பின்னாலேயே வந்து பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சமையலறைக்குள் போய், நான் டீ போடுகிறேன் நீ உட்கார் என்றாள். அக்கா நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். சாய்ந்ததும் ஞாபகம் வந்து, இரண்டு காலிலும் பாரத்தைப் போட்டு நேராக நின்றுகொண்டாள். மகள் அங்கே வேலை செய்கிற இடத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே டிராயரைத் திறந்து கரண்டி எடுத்தாள். ஒரு கையில் கரண்டி, மறு கையில் டீ டம்ளர். லேசாக உடம்பைத் திருப்பினாள்.

டப்.

அக்கா ஒரு நிமிஷம் அசையவில்லை. அம்மாவிடமிருந்து தனக்கும், தன்னிடமிருந்து மகளுக்கும் என்று அவள் பயந்து செத்ததெல்லாம் அந்தக் கட்டிலைத்தான். அது வரவில்லை. கவுண்டருக்கு அடியில் உட்கார்ந்து வளர்ந்த பெண் அம்மாவிடமிருந்து எடுத்துக்கொண்டு போனது இந்த ஒன்றைத்தான். அவள் போய் மகளின் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"திரும்பத் தெற."

"என்னம்மா?"

"தெறடி. இப்ப கையால சாத்து."

மகளுக்கு அப்போதுதான் புரிந்தது. சிரித்துக்கொண்டே டிராயரைத் திறந்து கையால் தள்ளினாள். சத்தமே வரவில்லை.